டிஸ்பிளே போர்டுக்கு என்ன சொல்?

பென்னாகரம், அறிவியல் ஆசிரியை:
வணக்கம். எங்கள் வட்டாரப் பள்ளிகள் சேர்ந்து இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சியை இணையத்தில் வைக்கிறோம். வெள்ளிக்கிழமை திறக்க வேண்டும். கருதுகோள், மாறிகள், தரவு எல்லாம் பாடநூலிலேயே இருப்பதால் தொல்லையில்லை. ஒன்றுதான் நிற்கிறது. தலைப்பு, கேள்வி, செய்முறை, வரைபடம், சின்னக் காணொளி, நோட்டில் குறித்த அளவுகளின் படம் என்று ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் இடம் உண்டு. ஆங்கிலத்தில் அதை டிஸ்பிளே போர்டு என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது 'சார்ட்'. மெனுவில் என்ன போடட்டும்?

ஓசூர், மென்பொருள் வேலை:
காட்சிப்பலகை. முடிந்தது. நீளமாக ஏதும் சொல்லிவிடாதீர்கள், கைப்பேசியில் மெனு உடையும்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அவசரம் வேண்டாம் தம்பி. காட்சி என்பது காண்பவன் தொழில். தொல்காப்பியர் நடுகல்லுக்குச் சொன்ன ஆறு துறைகளில் முதலாவது காட்சி. கல்லைத் தேடிக் காண்பதுதான் அங்கே காட்சி; யாருக்கும் எடுத்துக் காட்டுவதன்று. இத்தனை நடுகல் நிற்கிற தகடூர் மண்ணில் உட்கார்ந்துகொண்டு இதை மறக்கலாமா? மாணவன் செய்வது காட்டுதல். ஆகவே 'காட்டுபலகை'. வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது.

ஊத்தங்கரை, இயற்பியல் ஆசிரியர்:
ஒற்று மிகாது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும் ஐயா. எட்டாம் வகுப்புக்கு? ஒருவன் 'காட்டுப்பலகை' என்று எழுதினால் காட்டு மரத்தில் அறுத்த பலகையாகிவிடும். எங்கள் பக்கம் காடு என்றால் கேழ்வரகு விதைக்கிற நிலம் வேறு.

தருமபுரி:
பிழைக்குப் பயந்து சொல்லை விடுவதென்றால் ஊறுகாயையும் விட வேண்டியதுதான். யாராவது 'ஊறுக்காய்' என்று எழுதுகிறார்களா?

கிருஷ்ணகிரி, மொழிபெயர்ப்பாளர்:
ஊறுகாய் வாயில் பழகிய சொல் ஐயா, எழுதிப் பழகியதல்ல. 'காட்சி'யும் அப்படித்தான். பொருட்காட்சி என்று ஊரே சொல்கிறதே, அங்கே கல்லையா தேடுகிறார்கள்? உங்கள் தகடூர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். தொண்டைமான் படைக்கொட்டிலில் ஔவை பார்த்தது பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி வைத்த வேல்கள் (புறம் 95). அது டிஸ்பிளே இல்லாமல் வேறென்ன? அதியமான் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. பலகை என்று சொன்னாலே நம் பிள்ளைகள் தெர்மாகோலும் ஜிகினாவும் வாங்கப் போய்விடுகிறார்கள். நமக்கு வேண்டியது பட்டறை. 'ஆய்வுக்கொட்டில்' என்றால் என்ன?

ஊத்தங்கரை:
மாடு கட்டலாம்.

பென்னாகரம்:
சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்ன பட்டறை விஷயம் உண்மை. ஒரு மாணவி போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று கருதுகோள் வைத்தாள். முதலில் டி.டி.எஸ். மீட்டரை வைத்து அளந்தாள். அது கரைந்த உப்பின் மொத்தத்தை மதிப்பிடும், ஃபுளோரைடைத் தனியாகச் சொல்லாது. அப்புறம் சோதனைப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். தண்ணீரைப் பாதியாக வற்றவிட்டுப் பார்த்தால் அளவு கூடியிருக்கிறது. நீர் ஆவியாகிறது, ஃபுளோரைடு தங்கிவிடுகிறது, அவ்வளவுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய தண்ணீர் நம் இரண்டு மாவட்டத்திலும் உண்டு. வீட்டில் அவசியம் சொல்ல வேண்டிய முடிவு இது. அவளோ "தப்பாயிடுச்சு மிஸ், வேற சார்ட் போடவா?" என்கிறாள்.

ஓசூர்:
அப்படியானால் என் காட்சிப்பலகையை நானே திரும்பப் பெறுகிறேன். அமெரிக்கப் பள்ளிகளில் அட்டையை மூன்றாக மடித்து நிறுத்துவார்கள். இடது மடிப்பில் கேள்வி, நடுவில் வரைபடம், வலதில் முடிவு என்று வைப்பது வழக்கம். கைப்பேசியில் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். மடிப்பே இல்லாதபோது பலகை எதற்கு? 'ஆய்வுப்பக்கம்' போதும்.

தருமபுரி:
பக்கம்! மணிமேகலையில் தருக்கம் பேசும் இடத்தைப் பாருங்கள். அங்கே பக்கம் என்றால் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. வடமொழிப் பக்ஷம். கருதுகோளுக்கு ஆக வேண்டிய சொல்லை ஏட்டுக்குக் கொடுக்கிறீர்கள்.

கிருஷ்ணகிரி:
ஏட்டுப் பக்கம் அந்தப் பக்ஷம் அல்ல, ஐயா. பகு என்பதிலிருந்து வந்த நம் சொல் என்றே நினைக்கிறேன். வடமொழியாகவே இருந்தாலும் போகட்டும். கருதுகோள் தோற்றாலும் அதைச் சேர்த்தே வைக்கிற இடத்துக்கு அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. கொட்டிலைக் கைவிட்டு ஆய்வுப்பக்கத்துக்கே வருகிறேன்.

ஊத்தங்கரை:
எனக்கும் ஆய்வுப்பக்கம் சரி. 'சார்ட்' என்றே விட்டாலும் சரி. விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

பென்னாகரம்:
மூவர் ஒப்புவதால் 'ஆய்வுப்பக்கம்' என்றே ஏற்றிவிட்டேன். ஃபுளோரைடு ஆய்வும் அப்படியே இருக்கும், வேறு சார்ட் வேண்டாம் என்று அவளிடம் சொல்லியாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

தருமபுரி:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்பவில்லை. பொத்தானிலாவது 'காட்டு' என்று வையுங்கள்.

ஓசூர்:
பொத்தானில் 'பார்க்க' என்று போட்டாயிற்று, ஐயா.