வானொலி நிலையத்தின் பழைய நேரடி இசைப் பதிவுகள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஸ்பூல் அறை

எங்கள் சமூக வானொலிக் கூடத்தில் நடந்த நேரடி இசை நிகழ்ச்சிகளின் ஸ்பூல்களை, அதாவது காந்த ஒலிநாடாச் சுருள்களை, கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். பழைய நாடா பசையாகி இயந்திரத்தில் ஒட்டிக்கொள்வதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நாடாவில், பாடகி பாடத் தொடங்கும் முன் வயலின்காரரிடம், "இன்றைக்குத் தொண்டை சரியில்லை, கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். யாரோ சிரிக்கிறார்கள். முதல் அடியை எடுக்கிறார். அந்த இடத்தில் இயந்திரம் கிறீச்சிட்டது. நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் நாடா ஒட்டி இழுபட்டது. உடனே நிறுத்திவிட்டோம். ஹெட்டைத் துடைத்த பஞ்சில் பழுப்பாகப் பசை ஒட்டியிருந்தது. பாட்டு இருந்ததே அந்தப் பழுப்பில்தான். அந்தப் பஞ்சைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை.

மூத்த உறுப்பினர் ஒருவர், சூடேற்றினால் ஓடும் என்கிறார். செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழுதுபார்ப்பவன்

சூடேற்றுவதற்கு முன் நில்லுங்கள். உங்கள் மூத்த உறுப்பினர் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

என் அனுபவம் சிறியது. ஒரு நிலையத்தின் அலமாரியைத் திறந்ததும் வினிகர் வாடை முகத்தில் அடித்தது. ஒரு நாடாவின் ஓரங்கள் சுருண்டு கிடந்தன. இயந்திரத்தில் போட்டதும் பாதிப் பாட்டு வந்தது, பிறகு அறுந்துவிட்டது. பாடிய குழு எதுவென்று இன்றுவரை தெரியவில்லை. அது அசிட்டேட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த நாடா. அசிட்டேட்டைச் சூடேற்றவே கூடாது, இருக்கிற உயிரும் போய்விடும்.

ஆகவே முதலில் நாடாவைச் சுருளோடு விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் அசிட்டேட், ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர் என்ற வேறு பிளாஸ்டிக். பாலியெஸ்டர் நாடாக்களிலும், காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பாலியூரத்தேன் பிசின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்தவற்றுக்கு மட்டுமே சூடு உதவும். 1970களிலும் 80களிலும் வந்த, முதுகில் கரும்பூச்சு உள்ள நாடாக்களில் இதை அதிகம் பார்க்கலாம். வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸை ஒட்டி நிலையாக இருக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும். சமையல் அடுப்பு வேண்டாம், அதன் வெப்பம் ஏறி இறங்கும். எடுத்த பிறகு நன்றாக ஆறவிடுங்கள். இது குணமாகாது, தற்காலிகத் தீர்வுதான். சில வாரங்களில் மீண்டும் ஒட்டத் தொடங்கும். அதற்குள் மாற்றி முடித்துவிட வேண்டும்.

கேட்காததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாடாவுக்கும் ஹெட்டின் சாய்வைத் தனியாகச் சரிசெய்யுங்கள். பதிவு செய்த இயந்திரம் வேறு, உங்கள் இயந்திரம் வேறு. மோனோவில் வைத்துக் கேட்டுக்கொண்டே திருகினால், மேல்சுரங்கள் பளிச்சென்று திறக்கும் இடம் காதுக்கே தெரியும். 96 கிலோஹெர்ட்ஸில் (ஒலியை நொடிக்கு 96,000 முறை அளப்பது), 24 பிட்டில் (ஒவ்வோர் அளவின் நுணுக்கம்), அமுக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் ஆகும். எம்.பி.3 கேட்பதற்கு மட்டும் போதும். மூன்று பிரதிகள் வையுங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

நிகழ்ச்சிப் பிரிவு

தொழில்நுட்பம் எல்லாம் சரி. எங்களிடம் வந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை.

அவருடைய தந்தை எங்கள் நிலையத்தில் தாளம் வாசித்தவர், காலமாகிவிட்டார். பதிவு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பெட்டியின் மேல் "வெள்ளி இரவு" என்று மட்டும் எழுதியிருந்தது. கணினிக்கு மாற்றிய பிரதியைப் போட்டோம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு தாளக்கட்டு வந்ததும், "இது அவர்தான்" என்றார். பிறகு கேட்டார்: "அவர் பேசுகிற இடம் வருமா?"

வரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள், அறிவிப்பு, பேச்சு, கைதட்டல் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் "சுத்தமாக" வைத்திருந்தார்கள். மாற்றியாயிற்று என்று நாடாவையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். வாசித்தவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் சொன்னதும் அந்த வெட்டிலேயே போயிற்று. அந்தக் குழுவில் மற்றவர்கள் யார் என்று இனி எதைக் கொண்டு எழுதுவது?

தயவுசெய்து வெட்டாதீர்கள். முழுப் பதிவு மூலக் கோப்பாக இருக்கட்டும், ஒலிபரப்புக்கு வேண்டுமானால் தனிப் பிரதியில் வெட்டிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகும் நாடாவை வைத்திருங்கள்.

இரவு நேரப் பொறுப்பாளர்

பழுதுபார்ப்பவன் சொல்லும் 96 கிலோஹெர்ட்ஸில் எனக்கு உடன்பாடில்லை. சர்வதேச ஒலி, ஒலிஒளிக் காப்பகங்களின் சங்கமே தன் வழிகாட்டியில் குறைந்தபட்சமாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டை ஏற்கிறது. தன்னார்வலர்களை வைத்து ஓடும் நிலையம் உயர்ந்த தரத்துக்குக் காத்திருந்து எதையும் தொடங்காமலே நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் ஸ்பூலையே பேசுகிறீர்கள். எனக்குப் பயம் டாட் கேசட்டில்தான், அதாவது ஒலியை எண்களாகப் பதியும் டிஜிட்டல் நாடாவில். தேய்ந்த ஸ்பூல் இரைச்சலோடாவது பாடும். டாட் அப்படியில்லை. ஒரு கச்சேரியின் உச்சத்தில், எல்லா வாத்தியங்களும் சேரும் இடத்தில், ஒலி பட்டென்று நின்றது. இரைச்சல்கூட இல்லை, வெறுமை. பிறகு நிறைவுப் பகுதி எந்தக் குறையும் இல்லாமல் வந்தது. நடுவில் போனது போனதுதான். சோனி 2005இலேயே அந்த இயந்திரங்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருப்பவற்றின் ஹெட்டுகளும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. பழையது முதலில் என்று வரிசை போடாதீர்கள், எதை வாசிக்கும் இயந்திரம் முதலில் சாகுமோ அதிலிருந்து தொடங்குங்கள்.

பழுதுபார்ப்பவன்

டாட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதை அனலாக் வழியாக எடுக்காமல், டிஜிட்டல் இணைப்பில், பதிவானபோது இருந்த அதே கிலோஹெர்ட்ஸிலேயே 16 பிட்டாக நகலெடுங்கள். ஸ்பூலுக்கு நான் 96தான் சொல்வேன். ஒட்டும் நாடாவை இன்னொரு முறை ஓட்ட முடியும் என்பது நிச்சயமில்லை.

அனுமதிக் கடிதங்கள்

நிகழ்ச்சிப் பிரிவுக்கு ஒரு வார்த்தை. பேச்சை வெட்டக் கூடாது என்பதை ஏற்கிறேன், ஆனால் எல்லாப் பேச்சும் எல்லோருக்கும் அல்ல. ஒரு பாடகியிடம் அவருடைய பழைய பதிவை இணையத்தில் ஏற்றலாமா என்று கேட்டோம். முழுவதையும் கேட்டார். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே தன் வீட்டுத் துயரத்தை ஓரிரு வாக்கியங்களில் சொல்லியிருந்தார். "அன்றைக்கு அது காற்றோடு போய்விடும் என்று நினைத்துச் சொன்னேன்" என்றார். அன்று அவர் கையெழுத்திட்டது ஒருமுறை ஒலிபரப்புவதற்கு மட்டும். மூலக் கோப்பை முழுதாகக் காப்பகத்தில் வைத்திருக்கிறோம், அவர் ஒப்புக்கொண்ட பாட்டுகள் மட்டுமே வெளியே போயிருக்கின்றன. அவர் சொன்ன நிபந்தனையை அந்தக் கோப்பின் விவரக்குறிப்பிலேயே எழுதிவிட்டோம். எங்களுக்குப் பிறகு வருபவர்கள் வேறு எங்கும் தேட மாட்டார்கள்.