அர்கன்சா வைரப் பூங்காவுக்கு ஒரே நாள்: எப்படித் தேடறது?

சத்துவாச்சாரி_சங்கர்: ஜூலையில டல்லாஸ்ல இருக்கற மச்சான் வீட்டுக்குப் போறோம். அங்கிருந்து கார்ல சுமார் மூணரை மணி நேரத்துல அர்கன்சா மாநிலத்து மர்ஃப்ரீஸ்பரோ. அந்த ஊர் வைரப் பூங்காவுல கிடைச்ச கல்லை நாமளே வச்சுக்கலாமாம். கையில ஒரு நாள்தான் இருக்கு. என்ன எடுத்துட்டுப் போகணும்? கிடைச்சா வேலூருக்குக் கொண்டு வரலாமா?

பாலாத்துமணல்: 37 ஏக்கர் உழுத நிலம், பழைய எரிமலை வாய் மேல இருக்கு. மண்வெட்டி, வாளி, சல்லடை எல்லாம் பூங்காவுலயே வாடகைக்குக் கிடைக்கும். மோட்டார், பேட்டரி வச்ச கருவிக்கு அனுமதி இல்ல. நிழல் குறைச்சல், நம்ம ஊர் வெயில்ல வளந்தவங்களும் தொப்பி, தண்ணி இல்லாம இறங்க வேணாம்.

ரெண்டு நாள் முன்னாடி நல்ல மழை பெஞ்சிருந்தா மேலோட்டமா நடந்து தேடுங்க, தண்ணி ஓடின வாய்க்கால் ஓரமா. காஞ்சு கிடந்தா ஈரச் சலிப்புதான் வழி. மேல கால் இஞ்ச் கண் சல்லடை, கீழ 1/16 இஞ்ச். மண்ணைத் தொட்டித் தண்ணியில ஊறவிட்டு, களிமண் கட்டிய விரலால முழுசா கரைங்க. கரையாத கட்டிக்குள்ளதான் கல் போயிடும். மேல் சல்லடையைப் பார்த்துட்டுக் கொட்டிடலாம்.

கீழ் சல்லடைதான் முக்கியம். பாதிக்கு மேல நிரப்பாதீங்க, கல் அடியில இறங்க இடமிருக்காது. அரிசி அரிக்கற மாதிரி தண்ணிக்குள்ள பக்கவாட்டுல ஆட்டி, மேலும் கீழுமா குலுக்கி, கால்வட்டம் திருப்பி மறுபடி ஆட்டணும். குவார்ட்ஸ் (சாதாரண படிகக்கல்) அடர்த்தி 2.65, வைரம் 3.5, கனமானது நடு அடிக்கு வரும். அப்புறம் சமதளத்துல ஒரே வீச்சுல கவிழ்த்தா நடு அடி மேல வந்துடும். அங்க கறுப்பும் சிவப்புமா கல் கூடியிருந்தா அலசினது சரி. பரவிக் கிடந்தா மறுபடி அலசுங்க.

குடியாத்தம்_ஆசாரி: பளபளன்னு கூர்முனையோட இருக்கற கல்லைப் பார்த்து மயங்க வேணாம், பெரும்பாலும் குவார்ட்ஸ், இல்லன்னா கால்சைட்ங்கற மெதுவான சுண்ணாம்புப் படிகம். அங்க கிடைக்கற வைரம் முனை மழுங்கி உருண்டையா, எண்ணெய் தடவின மாதிரி மின்னும், சேறு ஒட்டாது. வெள்ளை, பழுப்பு, மஞ்சள் மூணு நிறத்துலயும் வரும். பெரும்பாலும் 3 மி.மீ.க்குள்ளதான், இடுக்கி கொண்டு போங்க. கண்ணாடியில கீறிப் பார்க்கறது வீண், குவார்ட்ஸும் கீறும். சுத்தியால தட்டவே கூடாது, வைரம் பிளந்துடும். சந்தேகக் கல்லைப் பூங்கா ஊழியர்கிட்ட கொடுங்க, இலவசமா பார்த்துச் சொல்வாங்க.

1924ல கிடைச்ச 40.23 கேரட் 'அங்கிள் சாம்' வைரத்தோட கதையை மச்சான் சொன்னா நம்பலாம், ஆனா அது சுரங்க நிறுவனம் தோண்டினப்ப கிடைச்சது. பூங்காவா மாறினது 1972ல. அதுக்கப்புறம் பார்வையாளர் எடுத்ததுல பெருசு 1975ல கிடைச்ச 16.37 கேரட்.

சத்துவாச்சாரி_சங்கர்: நன்றி அண்ணா. சலிச்சு முடிக்காத சரளையை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கலாமா?

பாலாத்துமணல்: சலிச்ச சரளை மட்டும், ஆளுக்கு நாளுக்கு ஒரு 5 கேலன் வாளி, அதாவது சுமார் 19 லிட்டர். சலிக்காத மண்ணை விடமாட்டாங்க. வீட்டுல வெயில்ல காயவச்சு நிதானமா பாருங்க.

கோட்டைஅகழி: வேலூருக்குக் கொண்டு வர்ற பேச்சை யாரும் தொடல. பட்டை தீட்டாத வைரம் கிம்பர்லி சான்றிதழ் (ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போற வைரம் இல்லன்னு ஏற்றுமதி நாடு தர்ற சான்று) இல்லாம இந்தியாவுக்குள்ள வர முடியாது, பையில போட்டு வந்து சுங்கத்துல மாட்டாதீங்க. மச்சான் வீட்டுல விட்டுடறது நல்லது. அங்கேயே தீட்டிட்டா அந்தச் சான்றிதழ் வேணாம், ஆனா சுங்கத்துல சொல்லித்தான் ஆகணும்.