புதுப்பிப்பு: உப்புவெளிக் கழிவுநீரும் வந்த கடிதமும்

திருகோணமலை உப்புவெளிக் கரையில் ஒரு விடுதியின் குழாய் கழிவுநீரைக் கடலுக்குள் விடுவதைப் போன மாதம் படத்தோடு எழுதியிருந்தேன். மானநட்டம் என்று நட்டஈடு கேட்டு அவர்களின் சட்டத்தரணி கடிதம் அனுப்பினார். அதுவரை சொல்லியிருந்தேன்.

நேற்று நீதிமன்ற வீதியில் ஒரு சட்டத்தரணி அக்காவைப் பார்த்தேன். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "தம்பி, இது இன்னும் வழக்கில்லை, பயப்படாதே" என்றார். குற்றவியல் அவதூறு இலங்கையில் 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது, சிறை இல்லை. ஆனால் சிவில் வழக்குப் போடலாம். எழுதியது உண்மை, பொதுநலனுக்கானது என்று நிறுவினால் தப்பலாம். சரி, நிறுவும்வரை எத்தனை தவணை, எவ்வளவு காசு? வாயை மூடவைப்பது அந்த அலைச்சல்தான்.

கலிபோர்னியாவில் 1992இல் இயற்றிய சட்டப்படி, வாயை மூடவைக்கப் போடும் இப்படியான வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கேட்கலாம். வென்றால் சட்டத்தரணிச் செலவை வழக்குப் போட்டவரே கட்டவேண்டும். மால்டாவில் 2017இல் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியா மீது அப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் இருந்தன. அதற்குப் பிறகுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கென ஒரு பணிப்புரை கொண்டுவந்தது. நமக்கு அப்படித் தனிச்சட்டம் இல்லை. வேண்டும்.

பதிவை அழிக்கவில்லை. மூலப் படங்களை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். பதில் கடிதம் திங்கட்கிழமை பதிவுத்தபாலில் போகிறது.