இறந்தவருக்குப் பதவி உயர்வு: ஹெய்யான் அரசவை அஞ்சியதா, கணக்குப் போட்டதா?

ஆழிமுத்து:
ஜப்பானிய நம்பிக்கையில், அநியாயமாக மாண்டு வஞ்சம் தீராமல் அலையும் ஆவிக்கு ‘ஒன்ரியோ’ என்று பெயர். அதே ஆவியைச் சாந்தப்படுத்தி வழிபாட்டுக்கு உரியதாக்கினால் அது ‘கோரியோ’ ஆகிறது. ஹெய்யான் காலத்தில் (794–1185, தலைநகர் இன்றைய கியோத்தோ) நடந்த இந்தச் சாந்திச் சடங்குகள் யாவும் அரசவை ஆடிய நாடகமே என்று நண்பர் கணக்கன் சென்ற வாரம் எழுதியிருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

785ஆம் ஆண்டில் நாகாஓகா தலைநகரின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஃபுஜிவாரா நோ தானேத்சுகு அம்பெய்து கொல்லப்பட்டார். பேரரசர் கம்முவின் தம்பியும் பட்டத்து இளவரசருமான சவாரா மீது பழி விழுந்தது. கோயிலொன்றில் அடைக்கப்பட்ட அவர் பத்து நாள்களுக்கு மேல் உணவைத் தொடாமல், அவாஜித் தீவுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியிலேயே உயிர்விட்டார். அப்போதும் தண்டனை நிற்கவில்லை. பிணத்தை அவாஜிக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கம்முவின் துணைவியர், தாய் என்று ஒவ்வொருவராக மறைந்தார்கள். புதிய பட்டத்து இளவரசரும் நோயில் விழ, 792இல் குறி பார்த்தவர்கள் சவாராவின் சாபம் என்று சொன்னார்கள். 800ஆம் ஆண்டில் கம்மு, தாம் தண்டித்த தம்பிக்கே ‘பேரரசர் சுதோ’ என்ற பட்டத்தை அளித்தார். அரியணையில் ஒரு நாளும் அமராத ஒருவருக்கு, அதுவும் ராஜத்துரோகி என்று தள்ளப்பட்டவருக்கு, பேரரசர் என்ற பெயரை அச்சமில்லாத மனிதன் கொடுப்பானா?

கணக்கன்:
கொடுப்பான், அதனால் தனக்கு நட்டம் ஏதும் இல்லையென்றால். சவாரா நீக்கப்பட்டதும் அந்த இடத்தில் அமர்ந்தவர் யார் என்பதை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். கம்முவின் சொந்த மகன், இளவரசர் அத்தே. தம்பிக்குப் பட்டப் பெயரைத் தந்த அண்ணன், மகனிடமிருந்து இளவரசுப் பதவியைத் திரும்பப் பெறவில்லையே. செத்தவருக்குக் கௌரவம், உயிரோடிருப்பவருக்கு நாடு. இதைத்தான் நான் கணக்கு என்றேன்.

இன்னும் தெளிவாகத் தெரியவேண்டுமானால் சுகவரா நோ மிச்சிஸானேயைப் பாருங்கள். பெரும் புலமையால் வலப்பக்க அமைச்சர் பதவிவரை உயர்ந்த அவர், ஃபுஜிவாரா நோ தொக்கிஹிராவின் சூழ்ச்சியால் 901இல் கியூஷூவிலுள்ள தாஸாய்ஃபுவுக்கு நாடுகடத்தப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். 909இல் தொக்கிஹிரா இளவயதில் மறைந்தார். 923இல் பட்டத்து இளவரசர் போனார். அவருக்குப் பின் இளவரசரான சிறுவனும், தொக்கிஹிராவின் மகள்வயிற்றுப் பேரன், 925இல் போனான். 930இல் வறட்சிக்கு மழை வேண்டுவது பற்றிப் பெரியோர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோதே அரண்மனையின் செய்ரியோதென் மண்டபத்தில் இடி விழுந்து ஆட்கள் மாண்டார்கள். பேரரசர் தைகோவும் மூன்று மாதங்களில் இறந்தார். இவை பயங்கரமான நிகழ்ச்சிகள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றால் ஃபுஜிவாரா குடும்பத் தலைமையும் அதிகாரமும் யார் கைக்கு வந்தன? தொக்கிஹிராவின் தம்பி ததஹிராவின் கைக்கு. கித்தானோவில் 947இல் எழுந்த மிச்சிஸானேயின் கோயிலை 959இல் விரிவாக்கியவரும் ததஹிராவின் மகன் மொரொசுகேதான். ‘ஆவி அழித்தது அண்ணன் கிளையை, எங்கள் கிளைக்கு அது காவல்’ என்று சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல வழி உண்டா?

தாழம்பூ:
இருவரும் அரண்மனைக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். 863ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் இருமல் நோய் பரவித் தலைநகரில் ஏராளமானோர் இறந்தார்கள். அவ்வாண்டு ஐந்தாம் மாதம் இருபதாம் நாள், அரண்மனையைச் சேர்ந்த ஷின்செனென் தோட்டத்தில் அரசவை ‘கோரியோ-ஏ’ என்னும் சடங்கை நடத்தியது. சவாரா உள்ளிட்ட ஆறு ஆவிகளுக்கு இருக்கை அமைத்து, மலரும் கனியும் படைத்து, சுவர்ணபிரபாச சூத்திரம் என்னும் பௌத்த நூலை விரித்துரைத்தார்கள். அன்று நான்கு வாயில்களையும் திறந்து, பொதுமக்களைத் தடையின்றி உள்ளே விட்டார்கள். இதைப் பதிவுசெய்த அரசு வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. அதற்கு முன்பே தலைநகரைச் சுற்றிலும் வெளி மாநிலங்களிலும் மக்கள் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இச்சடங்கைத் தாங்களாகவே நடத்திவந்தார்கள். அதில் மல்யுத்தம், குதிரைப் பந்தயம், ஒப்பனை செய்த சிறுவர்களின் வில் விளையாட்டு எல்லாம் உண்டு. ஆகவே அரசவை இதைக் கண்டுபிடிக்கவில்லை. தெருவில் நடந்துகொண்டிருந்ததைத் தன் தோட்டத்துக்குள் அழைத்துக்கொண்டது.

எனக்குள்ள உறுத்தல் வேறு. நோயில் செத்தவர்கள் ஊர்ப்பேர் தெரியாதவர்கள். சாந்தி செய்யப்பட்டதோ இளவரசர்களுக்கும் அதிகாரிகளுக்கும். ஏழையின் கோபத்துக்குக் கொள்ளைநோயை ஏவும் வலிமை இல்லையென்று அந்த மக்களே நம்பியிருக்கிறார்கள்!

ஆழிமுத்து:
தாழம்பூ அவர்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கணக்கன் அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்மு 806இல் இறந்த அதே நாளில், தானேத்சுகு கொலைவழக்கில் தண்டிக்கப்பட்ட அனைவருக்கும், இறந்தவர் இருப்பவர் என்ற வேறுபாடில்லாமல், பழைய பதவிநிலைகள் திருப்பி அளிக்கப்பட்டன. அவர்களில் கவிஞர் ஓத்தோமோ நோ யாகாமோச்சி, கொலைக்கு முன்பே இறந்து, இருபது நாள்களுக்கு மேலாகப் புதைக்கப்படாமல் கிடந்த நிலையில் பதவி பறிக்கப்பட்டவர். நாட்டிலுள்ள மாநிலக் கோயில்களின் துறவிகள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஏழு நாள் சவாராவுக்காக வச்ரச்சேதிகா சூத்திரத்தை ஓதவேண்டும் என்றும் ஆணை பிறந்தது. சாகக் கிடப்பவனுக்கு அரசியல் ஆதாயம் எதற்கு?

கணக்கன்:
சாகக் கிடப்பவனுக்கு வேண்டாம். பட்டமேறப் போகும் மகனுக்கு வேண்டும். ஆணையால் யாருக்குப் பயன் என்று பாருங்கள்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆதாயக் கணக்கு மட்டுமே என்றால் மிச்சிஸானேக்கு 923இல் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்து, நாடுகடத்தல் ஆணையை எரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். 993இல், இறந்து 90 ஆண்டுகள் கழித்து, ஒரு படி மேலான இடப்பக்க அமைச்சராக்கி, அதிலும் ஆவிக்கு நிறைவில்லை என்று எண்ணி அவ்வாண்டிலேயே தலைமை அமைச்சராகவும் உயர்த்தினார்கள். இந்தப் பேரம் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. ஆனால் பேரம் பேசியவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

தாழம்பூ:
இன்று கல்விக் கடவுளாக வணங்கப்படும் மிச்சிஸானேயின் கித்தானோ கோயிலுக்கு நான் போயிருக்கிறேன். படுத்திருக்கும் எருதுச் சிலையின் தலையைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருக்கிறார்கள். மரப் பலகைகளில் மாணவர்கள் நுழைவுத் தேர்வில் தேற வேண்டும் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். இடி விழச் செய்தவர் என்று அங்கே ஒருவரும் நடுங்கக் காணவில்லை.

ஆழிமுத்து:
கடைசியாக ஒன்று. அரியணைப் போட்டியில் மூண்ட 1156 ஹோகென் கலகத்தில் தோற்ற முன்னாள் பேரரசர் சுதோகு, சானுக்கி மாநிலத்துக்கு நாடுகடத்தப்பட்டு 1164இல் இறந்தார். அவருடைய ஆவியை ஜப்பான் கொண்டாடியதைவிட அஞ்சியதே அதிகம். 1868இல், பதினாறு வயதைக்கூட நிறைவுசெய்யாத மெய்ஜிப் பேரரசர் முடிசூடுவதற்கு முந்தைய நாள், அரச தூதர் ஷிராமினே மலையிலுள்ள சுதோகுவின் கல்லறை முன் நின்று ஆணையை வாசித்தார். பழைய துயரை மறந்து கியோத்தோவுக்குத் திரும்பி வாருங்கள், வடகிழக்கில் எதிர்த்து நிற்கும் படைகளை அடக்கத் துணைநில்லுங்கள் என்பது அதன் சாரம். கேட்டது ஆதாயந்தான், கணக்கன் அவர்களுக்கு இதை நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் ஊரைவிட்டு விலகிய மலைமேல், 704 ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் கல்லறை முன் அது வாசிக்கப்பட்டது. நாடகம் என்றால் பார்வையாளர் யார்?