பொருளின் விலையை ஊகித்துப் பரிசு வெல்லும் அமெரிக்க டிவி போட்டி ‘பிரைஸ் இஸ் ரைட்’: நேரில் பார்த்தவர்கள், சொல்லுங்கள்

பர்பேங்க் பானு:
ஸ்டூடியோ கிளென்டேலுக்கு மாறுவதற்கு முன்னால், லாஸ் ஏஞ்சலஸ் ஃபேர்ஃபாக்ஸில் இருந்தபோதே போனோம். வரிசை, மஞ்சள் பெயர் வில்லை, போனை வாங்கி வைப்பது எல்லாம் தெரிந்ததுதான், விடுங்கள். எனக்கு இன்னும் உறுத்துவது ஒரு பாட்டி. எங்களுக்கு முன் வரிசை. ‘கம் ஆன் டவுன்’ என்று போட்டிக்குக் கீழே கூப்பிட்டது அந்தக் கூச்சலில் அவர் காதில் விழவே இல்லை. கீழே ஒருவர் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்ட, பேத்தி பிடித்துத் தள்ளினாள். விலை சொல்லும் நால்வரில் ஒருவராகப் போய் நின்று, காபி மெஷினுக்கு 800 டாலர் என்றார். அடுத்து நின்ற பையன் யோசிக்கக்கூட இல்லை, 801! சிரிப்பு வேறு. பாட்டி திரும்பி அவனைப் பார்த்தார் பாருங்கள், பந்தியில் நம் இலை அப்பளத்தைப் பக்கத்து இலைக்காரர் எடுத்தால் பார்ப்போமே, அந்தப் பார்வை. பையன் மேடை ஏறிவிட்டான். பாட்டி கடைசி வரை கீழேயே நின்றார்.

கணக்கு குமார்:
பையன் மேல் என்ன தப்பு? விலையைத் தாண்டாமல் மிக அருகில் சொன்னவருக்குத்தானே மேடை. நானும் போனேன், கூப்பிடவில்லை, என் கதை அவ்வளவுதான். ஆனால் இனிமேல் போகிறவர்கள் கவனியுங்கள். கடைசியாகச் சொல்லும் வாய்ப்பு வந்தால், மற்ற மூவரில் விலையைத் தாண்டாமல் அதிகம் சொன்னவர் யார் என்று பார்த்து, அவருக்கு மேல் ஒரு டாலர். எல்லோருமே ஏற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றினால் வெறும் ஒரு டாலர். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு எண்ணைச் சொல்வது வீண். அப்புறம் மேடை ஏறியவர்கள் ஒரு டாலரைத் தாண்டாமல் நெருங்கப் பார்த்துச் சுற்றும் பெரிய சக்கரம். அதில் 5 சென்ட் முதல் ஒரு டாலர் வரை 20 கட்டங்கள். முதலில் சுற்றுபவருக்கு 65 சென்டோ அதற்குக் கீழோ விழுந்தால் மறுபடி சுற்ற வேண்டும், 70 என்றால் நின்றுவிட வேண்டும். அப்புறம், உண்மையான பரீட்சை உள்ளே இல்லை. வெளியே வரிசையில் தயாரிப்பாளர் வந்து ஆளுக்குச் சில நொடி பேசுகிறாரே, அங்கேதான். அங்கே உம்மென்று இருந்துவிட்டு உள்ளே குதித்துப் பயனில்லை.

பர்பேங்க் பானு:
குமார், நான் பாட்டியைப் பற்றித்தான் எழுதினேன். உத்தி கேட்கவில்லை.

எடிசன் மாமி:
நேரில் இல்லை, டிவியில்தான். மாமனார் மதுரையில் மளிகைக்கடை வைத்திருந்தவர். இங்கே வந்தால் காலை 11 மணிக்கு இது ஓடியாக வேண்டும். ஆங்கிலம் அரைகுறை, ஆனால் யாராவது விலையை ஏற்றினால் “போச்சு, தாண்டிட்டான்” என்பார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரு நாள் ஒரு பெண் காரை ஜெயித்துவிட்டுத் தரையில் உருண்டு அழுகிறாள். இவர் காபி டம்ளரை வைத்துவிட்டு, “ஏம்மா, இதுக்கு வரி யாரு கட்டுவா?” என்றார். அதற்கப்புறம் யார் கார் ஜெயித்தாலும் எனக்குச் சந்தோஷமே வருவதில்லை.

டல்லாஸ் சேது:
அவள்தான் கட்டுவாள், மாமி. ஜெயித்த பொருளின் விலை அந்த வருட வருமானத்தில் சேரும். கட்டுப்படியாகாது என்றால் பரிசே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

குமார், உத்தியெல்லாம் இருக்கட்டும். 2008 டிசம்பரில் ஒளிபரப்பானதைப் பார்த்தீர்களா? கடைசிச் சுற்றில் இருவருக்கு ஆளுக்கொரு பரிசுத் தொகுப்பு, அதுதான் ஷோகேஸ். தன்னுடையதற்கு ஒருவர் 23,743 என்றார், ஒரு டாலர்கூடப் பிசகவில்லை. அப்போது அதே பொருட்கள் திரும்பத் திரும்ப வந்த நிகழ்ச்சி, விலைகளை வருடக்கணக்கில் மனப்பாடம் செய்த ஒரு ரசிகரும் அன்று பார்வையாளர்களில் இருந்தார். ஏமாற்று வேலையோ என்று சந்தேகப்பட்டுப் படப்பிடிப்பையே கொஞ்ச நேரம் நிறுத்தினார்களாம். அது தெரியாமல் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். நிகழ்ச்சியை நடத்தும் டிரூ கேரி, மின் கட்டண ரசீதைப் படிப்பவர் குரலில், இரண்டு ஷோகேஸும் உங்களுக்கே என்கிறார். முகத்தில் ஈயாடவில்லை. சத்தம்தான் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று என் மனைவி ரிமோட்டைத் தேடினாள்.