செபிக்க வந்தவர்களில் இன்னும் மனதை விட்டுப் போகாதவர் யார்?

பாகான் செராய்க்காரன்:
நானே தொடங்குகிறேன். அப்பா தைப்பிங் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தார். செம்பனைக் குலை வெட்டியே தேய்ந்த உடம்பு, கடைசியில் கிட்னி. நாங்கள் சூசைப்பாளையத்துப் பக்கம், பரம்பரைக் கத்தோலிக்கர்கள். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த ஒருவர், எந்தச் சபையோ தெரியாது, யாரையும் கேட்காமல் அப்பா தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். முடித்ததும் அம்மாவிடம், "ஐயா நடந்தே வீட்டுக்கு வருவாரு, பாருங்கம்மா" என்றார். அந்த வாரமே அப்பா போய்விட்டார்.

சாவு வீட்டுக்கும் அந்த மனுஷன் வந்தார். கூடாரத்துக்குள் வரவில்லை, மோட்டார் சைக்கிள் பக்கத்திலேயே நின்றார். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் அம்மா காப்பியோடு அவரிடம் போய்விட்டார். "நீங்க ஜெபிச்ச அன்னிக்குத்தான் கஞ்சிய முழுசா குடிச்சாரு. இன்னொரு தடவ பண்ணுங்க." அவருக்கு வாய் வரவில்லை. குவளை கையில் ஆடுகிறது. அம்மா நகராமல் நிற்கிறார். கடைசியில் அம்மாவே பரலோக மந்திரத்தைத் தொடங்க, அவர் முனகிக்கொண்டே கூடச் சொன்னார்.

அம்மா அவரைத் தேற்றினாரா, குத்திக்காட்டினாரா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ரப்பர் நிரை:
அது இருக்கட்டும். கடவுள் சார்பில் வாக்குக் கொடுக்க அவர் யார்? எனக்கு அதுதான் ஆத்திரம். நம்பிக்கை என்றால் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வதா?

எங்கள் பாட்டி பேராக்கில் கிரியான் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் வழிந்துவிடும், மங்கில், அதாவது பால் கிண்ணத்தில், விழுந்ததும் தண்ணீரோடு போகும். வெட்டில்லை, அன்றைய கூலியும் இல்லை. அதனால் விடிவதற்கு முன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குக் கிளம்பும்போதே "மாதாவே, மழை வேண்டாம்" என்பார். ஆனால் கிரியான் நெல் பூமி அல்லவா? 1906இலேயே புக்கிட் மேரா அணை வந்துவிட்டது, சரி. வானம் பொய்த்தால் அணையில் மட்டும் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு வறட்சியில், பாட்டிக்குப் பழக்கமான மலாய்க்கார அம்மா வந்து, தங்கள் ஊரில் எல்லாரும் கூடி மழைக்காகத் தொழுததைச் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி பாட்டி மாதா படத்துக்கு முன் வழக்கம்போல ஆரம்பித்து, "நாளைக்கு மழை…" என்று நிறுத்தினார். "நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பாட்டி மழையைப் பற்றிச் செபித்து நான் கேட்டதே இல்லை. அது விசுவாசமா, கை கழுவியதா என்று எனக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

தெலுக் இந்தான் அண்ணன்:
எங்கள் பங்கில் நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். ஒரு பெரியவர் கட்டில் அருகே கண்ணை மூடிக்கொண்டு நீளமாகச் செபித்துக்கொண்டிருந்தேன். என் கையைத் தட்டிவிட்டு, "மொதல்ல தண்ணி குடு" என்றார். என் அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் தம்பி எழுதியதைப் படித்ததும் சில விஷயங்களைச் சொல்லத் தோன்றுகிறது. முதலில், கேட்காமல் தொடக்கூடாது. நோயாளிக்குப் பேச முடியாவிட்டால் வீட்டாரைக் கேட்க வேண்டும். எதற்காகச் செபிக்கலாம் என்று அவரையே கேளுங்கள். குணமாக வேண்டும் என்று சொல்வார் என நாம் நினைப்போம், அவரோ மகள் கல்யாணத்தைச் சொல்வார். கட்டிலில் உட்காராதீர்கள். செபம் சுருக்கமாக இருக்கட்டும்.

அப்புறம், ஃபாதரைக் கூப்பிடப் பயப்படாதீர்கள். நோயாளிக்கு அவர் எண்ணெய் பூசிச் செபிப்பதை நம் ஆட்கள் இன்னும் 'அவஸ்தை பூசுதல்', சாகும் நேரத்துச் சடங்கு, என்று நினைத்துக்கொண்டு, மூச்சு இழுக்கும்வரை காத்திருக்கிறார்கள். சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரிய திருவருட்சாதனம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நோயினாலோ முதுமையினாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம். யாக்கோபு 5:14ஐ எடுத்துப் பாருங்கள், வியாதிப்பட்டவனே மூப்பர்களை வரவழைக்கிறான். ஆள் நினைவோடு இருந்தால்தானே அது நடக்கும்? இன்னொன்று, மருந்தை நிறுத்தச் சொல்லும் யாரையும் வார்டுக்குள் விடாதீர்கள். டயாலிசிஸை விட்டுவிட்டு உபவாசம் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் நிரை:
அண்ணே, யார் உங்களிடம் வகுப்பு கேட்டது? 😄 அவஸ்தை விஷயம் மட்டும் உண்மை. எங்கள் தோட்டத்து லயத்தில் ஃபாதர் வண்டி வந்து நின்றாலே பக்கத்து வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள்.

பாகான் செராய்க்காரன்:
அவர் குழுவும் இல்லை, பாஸ்டரும் இல்லை அண்ணே. பிறகு விசாரித்தேன். குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர்.

ஊத்தான் மெலிந்தாங் அக்கா:
லோரி ஓட்டினால் செபிக்கக்கூடாதா என்ன? இங்கே எல்லாரும் ஒருவர் செபத்துக்கு ஒருவர் மார்க் போடுகிறீர்கள். நான் இந்து. புக்கிட் மெர்தாஜாமில் மாதாவின் தாயார் அன்னம்மாள் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்திலிருந்து பேருந்து பிடித்து வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். ஜூலை 26 நெருங்கினால் கூட்டம் சொல்லி மாளாது.

என் பையன் கெட்ட சகவாசத்தில் மாட்டியிருந்த வருஷம். மலையடியில், 1888இல் கட்டிய பழைய கோயில் பக்கம் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு சீன ஆன்டி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. அரைகுறை மலாயில் "ஆனாக் சாயா" என்றேன், என் பிள்ளை என்று. அதற்கு மேல் வரவில்லை, அழுதுவிட்டேன். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெயரைக் கேட்டுக் கேட்டு, என் மகன் பெயரைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ரோமன் எழுத்தில், தப்புத் தப்பாக. பேனாவை வாங்கிக்கொண்டு நானும் கையை நீட்டி, "ஆன்டி ஆனாக்?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இல்லை என்கிறாரா, சொல்லமாட்டேன் என்கிறாரா, தெரியவில்லை. கூட்டம் நகர்ந்தது, எழுந்து போய்விட்டார்.

பையன் இப்போது கிள்ளானில் வேலையில் இருக்கிறான். அவனே திருந்தினானா, அன்னம்மாள் செய்தாரா, ஆன்டி செய்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வருஷம் எங்கள் பக்கத்திலிருந்து பேருந்து ஏற்பாடு செய்கிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?