ஸ்கோபஸில் என் கட்டுரைகள் பாதி அப்பா பெயரில் கிடக்கின்றன: எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று போடுவது?

வேளச்சேரி வேதியியல்:
வணக்கம். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பதவி உயர்வுப் படிவத்தை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். எச்-இண்டெக்ஸ், மொத்த சைட்டேஷன் (என் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), வெளிநாட்டுக் கூட்டு ஆராய்ச்சி எத்தனை என்று மூன்று கட்டங்கள். இதையெல்லாம் எண்ணிச் சொல்லும் தளங்களில் கூகுள் ஸ்காலர் என் எச்-இண்டெக்ஸ் 14 என்கிறது, ஸ்கோபஸ் 5 என்கிறது. எதைப் போட்டாலும் பொய் சொல்வது போல இருக்கிறது.

தோண்டிப் பார்த்ததில் பாதி புரிந்தது. பிஎச்.டி. காலத்தில் நம் ஊர் வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டு எழுதினேன். பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள், அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அப்புறம் கொரியாவில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலை. அங்கே வந்த கட்டுரைகளில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. ஆக ஸ்கோபஸில் இரண்டு பேர். என் பெயரில் 9 கட்டுரைகள், 90 சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 5. அப்பா பெயரில் 6 கட்டுரைகள், 105 சைட்டேஷன், அதற்கும் எச்-இண்டெக்ஸ் 5. அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். என்னைவிட 15 சைட்டேஷன் அதிகம் வைத்திருக்கிறார்.

இரண்டையும் கூட்டி 10 என்று போடலாமா?

தரமணி நூலகர்:
கூட்டாதீர்கள் மேடம். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. கட்டுரைகளை சைட்டேஷன் அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுதுங்கள். எந்த இடம்வரை வரிசை எண்ணுக்குக் குறையாமல் சைட்டேஷன் இருக்கிறதோ, அந்த எண்தான் எச். இரண்டு பட்டியல்களையும் இங்கே போடுங்கள், பார்த்துவிடலாம்.

வேளச்சேரி வேதியியல்:
என்னுடையது: 31, 22, 14, 9, 6, 5, 2, 1, 0. அப்பாவுடையது: 48, 27, 12, 8, 7, 3.

தரமணி நூலகர்:
சேர்த்து அடுக்கினால் 48, 31, 27, 22, 14, 12, 9, 8, 7, 6 என்று இறங்கும். எட்டாவது இடத்தில் 8 இருக்கிறது, ஒன்பதாவது இடத்தில் 7தான். ஆகவே எச்-இண்டெக்ஸ் 8. மொத்த சைட்டேஷன் 195, இதை மட்டும் தாராளமாகக் கூட்டலாம்.

ஆனால் கையால் போட்ட கணக்கைப் படிவத்தில் எழுதினால் கமிட்டி ஏற்காது. ஸ்கோபஸில் ஆசிரியர் தேடலுக்குப் போங்கள், அதற்குச் சந்தா தேவையில்லை. இரண்டு பக்கங்களையும் டிக் செய்து, ஒன்றாக இணைக்கக் கோரிக்கை அனுப்புங்கள். எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆர்கிட் எண், அதாவது ஆய்வாளர்களுக்கான அடையாள எண், இல்லையென்றால் இன்றே எடுங்கள். 16 இலக்கம், காசு கிடையாது, வேறு பெயர்களைச் சேர்க்கவும் அதில் இடம் உண்டு. நம் ஊரில் பாதிப் பேருக்கு இதே இனிஷியல் பாடுதான்.

கூகுளின் 14 எனக்கு இடிக்கிறது. அது மாநாட்டுக் கட்டுரை, ஆய்வேடு எல்லாவற்றையும் எண்ணும், எனவே கொஞ்சம் கூடும். இவ்வளவு கூடாது. பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள்.

வேளச்சேரி வேதியியல்:
ஐயோ சார். நெல் குலைநோய் பற்றி 7 கட்டுரைகள் என் கணக்கில் இருக்கின்றன! நான் வேலை செய்வது பேட்டரி எலெக்ட்ரோடில்.

தரமணி நூலகர்:
அதே இனிஷியல், அதே பெயரில் வேளாண்மைக்காரர் ஒருவர் இருக்கிறார் போல. நீக்குங்கள். புதுக் கட்டுரைகள் தானாகச் சேரும் வசதியை நிறுத்திவிட்டு, முதலில் மின்னஞ்சலில் கேட்கும்படி மாற்றி வையுங்கள்.

அனானி:
இதற்கு ஏன் இவ்வளவு பாடு? எங்களிடம் வாட்ஸாப் குழு இருக்கிறது. நீங்கள் எங்களை சைட் பண்ணுங்கள், நாங்கள் உங்களைப் பண்ணுகிறோம்.

தரமணி நூலகர்:
தம்பி, சுய சைட்டேஷனைக் கழித்துப் பார்க்க ஸ்கோபஸிலேயே வசதி உண்டு. பத்துப் பேர் வட்டமாக நின்று சொறிந்துகொண்டால் அதுவும் கண்ணில் படும். இப்படி மாற்றி மாற்றி சைட் செய்த இதழ்களையே, சைட்டேஷனை வைத்து இதழ்களுக்கு மதிப்பெண் போடும் இம்பாக்ட் ஃபாக்டர் பட்டியலிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

குரோம்பேட்டை கணக்கு:
என் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்கிறேன். கணிதத்தில் ஒரு கட்டுரைக்கு 10 சைட்டேஷன் வந்தாலே நாங்கள் ஸ்வீட் வாங்குவோம். எங்களையும் பேட்டரிக்காரர்களையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். ராமானுஜன் 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் சொன்ன மாக் தீட்டா சார்புகள் உண்மையில் என்ன என்பது 2002இல் ஸ்வெகர்ஸ் என்ற கணிதக்காரரின் ஆய்வேட்டில்தான் பிடிபட்டது. முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளை மட்டும் எண்ணும் இம்பாக்ட் ஃபாக்டருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

வேளச்சேரி வேதியியல்:
சரிதான் சார். கூட்டு ஆராய்ச்சிக் கட்டத்தில் 6 என்று போடலாமா? கொரியாக் கட்டுரைகள் 6. அந்த 48 சைட்டேஷன் கட்டுரையில் மொத்தம் 11 பேர், நான் நாலாவது. எலெக்ட்ரோடு செய்து அளவெடுத்தது நான், எழுதியது வேறொருவர்.

தரமணி நூலகர்:
ஆறும் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை என்றால் கட்டுரை 6, கூட்டு 1. அப்படியே எழுதுங்கள். ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகளின் நிறை பற்றி 2015இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். அதில் ஒருவருக்கு ஐயாயிரம் கூட்டாளிகள் என்று போட்டால் எப்படி இருக்கும்? அதனால்தான் பல இதழ்கள் யார் என்ன செய்தார் என்று 14 வகையாகப் பிரித்துக் கேட்கின்றன. உங்கள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பத்தி இருந்தால் நகல் எடுத்து இணையுங்கள். நாலாவது பெயர் என்று பார்த்தவுடன் தள்ளிவிடுபவர்களுக்கு அதுதான் பதில்.

வேளச்சேரி வேதியியல் (17 நாள் கழித்து):
ஸ்கோபஸ் இணைத்துவிட்டது. 8, 195. கூகுளில் குலைநோய் போனபின் 9. படிவத்தில் இரண்டையும் எழுதி, எந்தத் தேதியில் எங்கே பார்த்தேன் என்றும் பக்கத்தில் குறித்தேன். கொரியா ஆய்வகத்தின் பத்தி ஒரு கட்டுரையில்தான் இருந்தது, நல்லவேளையாக அந்த 48க்காரனில். கமிட்டி இன்னும் கூடவில்லை.

இணைக்கும் முன் அப்பாவிடம் அவர் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அழிப்பதற்குள் ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடு என்றார்.